கொழும்பில் வீட்டு யன்னல் மாற்றப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளைப் பக்கம் வீட்டு யன்னல் மாற்ற நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யன்னல் வாங்குவது பற்றி வெளியே கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி குளிர் நாட்டுக்காரருக்கு எழுதியது. அங்கே வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் யன்னலின் வேலை. நமக்கு மழையும் வெயிலும் வெளியே நிற்க வேண்டும், காற்று உள்ளே வரவேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

பழைய மர யன்னல் உக்கத் தொடங்கிவிட்டது. மாற்றத்தான் வேண்டுமா?

எவ்வளவு உக்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, யன்னல் கதவின் கீழ்ச் சட்டம், நிலையின் அடிப்பகுதி, நிலை சுவரைத் தொடும் ஓரம் ஆகிய இடங்களில் அழுத்துங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஆனால் முனை அரை அங்குலம் சத்தமில்லாமல் இறங்கும். அந்த இடத்தில் மரம் போய்விட்டது. பழுது கீழ் நாலைந்து அங்குலத்தோடு நிற்குமானால், கைத்திறன் உள்ள தச்சு பாஸ் ஒருவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே சாதி மரத்தில் புதுத் துண்டு வைத்துப் பொருத்தித் தருவார். மொரட்டுவைப் பக்கம் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வீடுகளில் இருக்கும் பலா, தேக்கு, முதிரை யன்னல்கள் நன்றாக முற்றிய மரத்தில் செய்தவை. அதே தரத்தில் இன்று மரம் வாங்கப் போனால் விலை தாங்காது. திருத்த முடியுமென்றால் திருத்துங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

கறையான் நிலைக்குள் ஏறிவிட்டால், நிலையே கோணிக் கதவு பூட்டுப்படாமல் போனால், மாற்றத்தான் வேண்டும். கறையான் இருந்தால் முதலில் வீட்டுக்கு மருந்தடியுங்கள். யன்னலை மட்டும் மாற்றிவிட்டு இருந்தால் அடுத்ததாக அறைக் கதவு நிலைக்குப் போகும்.

பழைய இரும்புச் சட்ட யன்னல்கள் விஷயம் வேறு. கறள் பிடித்த இரும்பு ஊதிப் பெருக்கும். அந்த அழுத்தத்தில் சுற்றியுள்ள சாந்து வெடித்து விழும், கண்ணாடியும் கீறும். அந்த நிலைக்கு வந்ததன் மேல் பெயின்ட் அடிப்பது காசைக் கரைப்பதுதான்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது கவனம் வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை சின்னப் பிள்ளைகளை அந்த அறைக்குள் விடவேண்டாம்.

லண்டனில் இருக்கும் தங்கச்சி, டபுள் கிளேசிங் போட்டால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்கிறாள். உண்மையா?

அவளுடைய வீட்டுக்கு அது உண்மை. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் அடைபட்ட காற்று, உள்ளே 20 பாகையும் வெளியே 2 பாகையும் இருக்கும்போது வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதை நன்றாக மெதுவாக்கும். கொழும்பில் வெளியே 31, ஏசி போட்ட அறைக்குள்ளே 25 என்றால் வித்தியாசம் ஆறே பாகை. இங்கே சூடு பெரும்பாலும் வெயிலாக நேரே கண்ணாடிக்குள்ளால் வருகிறது. சாதாரண 6 மில்லிமீற்றர் தெளிந்த கண்ணாடி, தன்மேல் விழும் வெயில் வெப்பத்தில் ஏறக்குறைய 80 வீதத்தை உள்ளே விடும். தெளிந்த கண்ணாடி இரண்டு வைத்தாலும் ஏறக்குறைய 70 வீதம் வந்துவிடும். கொடுக்கும் காசுக்கு இந்தப் பலன் போதாது. யன்னலைத் திறந்து வைத்துக் காற்றுக்கு இருக்கிற வீட்டில் அதுவும் கிடைக்காது.

பகல் முழுவதும் ஏசி ஓடும் வீடு, பெரிய கண்ணாடிச் சுவர் என்றால் யோசிக்கலாம். அப்போதும் ‘லோ-ஈ’ என்ற, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் மெல்லிய பூச்சுள்ள, வெயில் வெப்பத்தைக் குறைக்கும் வகைக் கண்ணாடியாகக் கேளுங்கள். ஓரத்து அடைப்பு விட்டால் நடுவில் ஈரம் புகுந்து கண்ணாடி மங்கிப்போகும். அதைத் துடைக்க வழியில்லை, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். அதற்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்படியென்றால் வெயில் சூட்டுக்கு என்ன வழி?

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத்தான் பிடிக்கும். அந்தச் சூடு அறைக்குள்ளேதான் நிற்கும். யன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட், வெளிப்பக்க மூங்கில் தட்டி, மரநிழல் எதுவும் நிறக் கண்ணாடியைவிட நன்றாக வேலை செய்யும்.

திசையையும் பாருங்கள். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் செப்டெம்பர் தொடக்கம்வரை மதிய வெயில் வடக்குப் பக்கமிருந்து சாயும். வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று நினைத்துப் பெரிய கண்ணாடி வைக்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. உயர்ந்து நிற்கும் அந்த வெயிலுக்குச் சன்ஷேட் போதும். மேற்குப் பக்கம்தான் கொடுமை. நாலு மணி வெயில் தாழ்ந்து நேரே உள்ளே வரும், சன்ஷேட் அதற்கு உதவாது. அந்தப் பக்கத்து யன்னலைச் சின்னதாக்குங்கள். இல்லையென்றால் நிறக் கண்ணாடிக்கும் வெளித்தட்டிக்கும் காசை ஒதுக்குங்கள்.

கடலுக்குக் கிட்ட வீடு. அலுமினியமா, யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கா, மரமா?

மெரீன் டிரைவ் பக்கமோ முகத்துவாரமோ மட்டக்குளியோ என்றால், சட்டத்தைவிட அதில் பூட்டும் சின்னச் சாமான்கள்தான் யன்னலின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஸ்குரூ, பிணைச்சல், ரோலர், கொண்டி. நல்ல அலுமினியச் சட்டத்தில் மலிவான நாகம் பூசிய இரும்பு ஸ்குரூ போட்டால், உப்புக் காற்றில் இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் அரிப்புத் தொடங்கும். ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைத் தூளும் கீழே பழுப்புக் கோடுமாகத் தெரியும். சட்டம் அப்படியே இருக்க, யன்னல் கழன்று ஆடும். கடல் பக்கத்துக்கு 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு கேளுங்கள். 304 தரம், கடலிலிருந்து தள்ளியிருக்கும் இடங்களுக்குப் பரவாயில்லை. கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். டப்பென்று பிடித்துக்கொண்டால் அது சாதாரண இரும்பு. லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம், இந்த வகை உருக்கும் ஸ்குரூவாக அடிக்கும்போது கொஞ்சம் காந்தம் பெறும். 304ஐயும் 316ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது, அதற்கு பில்லில் எழுதித்தான் வாங்க வேண்டும்.

இனிச் சட்டம். அலுமினியத்துக்கு இரும்புபோலக் கறள் வராது, ஆனால் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். பவுடர் பூச்சு என்றால் குறைந்தது 60 மைக்ரோன், அனொடைஸ் (மின்முறையில் ஏற்றும் பூச்சு) என்றால் கடலோரத்துக்கு 20 முதல் 25 மைக்ரோன் கேளுங்கள். சட்டம் செய்ய வெட்டும் அலுமினியக் குழாயை ‘செக்‌ஷன்’ என்பார்கள், அது பொதுவாக 6063 என்ற கலவையில் வரும். அலுமெக்ஸ், சுவிஸ்டெக் போன்ற உள்ளூர்க் கம்பனிகளும் செய்கின்றன, இறக்குமதியும் வருகிறது. எதுவானாலும் செக்‌ஷனின் வெட்டுமுகத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒரு துண்டை வெட்டித் தரச் சொல்லி, அதன் தகட்டுத் தடிப்பைப் பாருங்கள். 1.2 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

யூபிவிசியை உப்பு ஒன்றும் செய்யாது. கடலோரத்துக்கு அது பெரிய பலம். ஆனால் அதன் பலத்துக்கு உள்ளே இரும்புச் செக்‌ஷன் வைப்பார்கள், அது கல்வனைஸ் செய்ததா, அதாவது நாகம் பூசியதா என்று கேளுங்கள். சட்டம் தடிப்பாக இருப்பதால் சின்ன யன்னலில் கண்ணாடிக்குரிய இடம் குறையும்.

மரம் உப்பைத் தாங்கும், மழையைத்தான் தாங்காது. மேலே கூரை நன்றாக வெளியே நீண்டு இறங்கும் வீட்டில், பித்தளைப் பிணைச்சலோடு, ஒழுங்காக பெயின்ட் அடித்துவந்தால் மரத்தைப்போல நிலைக்கும் பொருள் இல்லை. மழைக்காலத்தில் ஊதிக் கதவு இறுகினால் அவசரப்பட்டு இழைக்க வேண்டாம். இழைத்துவிட்டால், காய்ந்ததும் இடைவெளி விட்டுப்போகும்.

வெள்ளம் வரும் பகுதி என்றால்?

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கீழ்மாடிக்கு அலுமினியமோ யூபிவிசியோ போடுங்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பாவிக்கலாம்.

யூபிவிசி வெயிலில் மஞ்சளாகுமா?

மலிவானது ஆகும். வெயில் தாங்குவதற்கு அதில் டைட்டேனியம் டையொக்சைட் போன்றவை கலக்க வேண்டும், விலையைக் குறைக்கிறவர்கள் முதலில் குறைப்பது அதைத்தான். குளிர் நாட்டுச் சந்தைக்குச் செய்ததா, வெப்ப நாட்டுக்கென்று செய்ததா என்று கேட்டு, வெள்ளை நிறத்தையே எடுங்கள். கடுநிறச் சட்டம் மேற்கு வெயிலில் சூடேறி வளைய வாய்ப்பு அதிகம்.

ஸ்லைடிங்கா, கேஸ்மென்டா?

காற்று வேண்டுமென்றால் கேஸ்மென்ட், அதாவது பிணைச்சலில் வெளியே திறக்கும் யன்னல். முழுவதும் திறக்கும், பூட்டும்போது ரப்பரில் இறுகி உட்காரும். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இரண்டு கதவு ஸ்லைடிங் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாதிதான் திறக்கும். ஒடுக்கமான ஒழுங்கை, நடைபாதைப் பக்கம், கதவு வெளியே நீட்ட இடமில்லாத பல்கனி ஆகியவற்றுக்கு ஸ்லைடிங் பொருந்தும். சமையலறைக்கும் குளியலறைக்கும் லூவர், அதாவது வரிசையாக அடுக்கிய கண்ணாடித் தகடுகள் சரிந்து திறக்கும் யன்னல், இன்னும் நல்ல தெரிவு, மழை பெய்யும்போதும் கொஞ்சம் சரித்துத் திறந்து வைக்கலாம். ஆனால் தகடுகளை வெளியிலிருந்து கழற்றலாம், ஆகவே கிறில் இல்லாமல் லூவர் போடவேண்டாம்.

பழைய வீடுகளில் யன்னலுக்கு மேலே ஃபேன்லைட் என்ற சின்னத் திறப்பு இருக்கும். புதிதாகப் போடும்போது அதை அடைத்துவிட்டுப் பெரிய ஒற்றைக் கண்ணாடி வைக்கச் சொல்வார்கள். சம்மதிக்க வேண்டாம். கூரைக்குக் கீழே தேங்கும் சூட்டுக் காற்று வெளியேறும் வழி அது.

ஸ்லைடிங் யன்னல் பூட்டியிருந்தும் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது. ஏன்?

கொழும்பில் இதைப்போல அதிகம் வரும் முறைப்பாடு வேறில்லை. ஸ்லைடிங் யன்னலின் கீழ் ட்ராக்கில் தண்ணீர் விழத்தான் செய்யும், அது குறையல்ல. விழுந்த தண்ணீர் வெளியே போக, ட்ராக்கின் வெளிப்பக்கத்தில் சின்ன வடிகால் துளைகள் இருக்க வேண்டும். பல வீடுகளில் அந்தத் துளைகளே போட்டிருக்க மாட்டார்கள். போட்டிருந்தாலும் வெளியே சிலிக்கன் பூசும்போது சேர்த்து அடைத்திருப்பார்கள். தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து நேரே சுவரில் அடிக்கும்போது, ட்ராக் நிறைந்து உள்விளிம்பைத் தாண்டி, யன்னலுக்கு அடியிலுள்ள சீமெந்துக் கட்டின் மேல் வழியும்.

சோதிப்பது லேசு. யன்னலைத் திறந்து ஒரு கப் தண்ணீரை ட்ராக்கில் ஊற்றிவிட்டு வெளிப்பக்கம் எட்டிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் துளைகளால் வடிந்துவிட வேண்டும். தேங்கி நின்றால் ஒரு ஈர்க்குச்சியால் துளைகளைக் குத்திப் பாருங்கள். மணலும் செத்த பூச்சியும் வரும், சில இடத்தில் சிலிக்கன் கட்டியே வரும். புதிதாக வாங்கும்போது ட்ராக்கின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட உயரமாக உள்ள செக்‌ஷனாகக் கேளுங்கள்.

சில வீடுகளில் யன்னலில் பிழையே இருக்காது. யன்னலுக்கு அடியிலுள்ள வெளிக்கட்டு உள்ளே சரிந்திருக்கும். கட்டு வெளிப்பக்கம் சரிவாகவும், அதன் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு கோடு வெட்டியும் இருக்க வேண்டும். யன்னல் கழற்றியிருக்கும் அன்றே மேசனைக் கொண்டு இதைச் சரிசெய்யுங்கள், பிறகு முடியாது.

எந்தக் கண்ணாடி, என்ன தடிப்பு?

சாதாரண யன்னலுக்கு 5 மில்லிமீற்றர், பெரியதற்கும் மேல்மாடிக்கும் 6. தரையோடு வரும் கண்ணாடி, பிள்ளைகள் மோதக்கூடிய இடம், குளியலறை ஆகியவற்றுக்கு டெம்பர்ட், அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துப் பலப்படுத்திய கண்ணாடி. அது சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம், உடைந்தாலும் கூர்த் துண்டாகாமல் சிறு மணியாகக் கொட்டும். ஆனால் டெம்பர் செய்தபின் வெட்டவோ துளைக்கவோ முடியாது, அளவு பிழைத்தால் அந்தக் கண்ணாடி வீண். லெமினேட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு படலம் ஒட்டியது. உடைந்தாலும் இடத்தை விட்டு விழாது. திருடனைத் தாமதப்படுத்தும், தளபாடத்தை வெளுக்கவைக்கும் புறஊதாக் கதிரில் 99 வீதம்வரை தடுக்கும். உயர்மாடியில் இருப்பவர்கள் இதற்குச் செலவழிக்கலாம்.

காலி வீதிச் சத்தம் தாங்க முடியவில்லை. எது உதவும்?

சத்தம் முதலில் இடைவெளியால் வருகிறது, பிறகுதான் கண்ணாடியால். இடைவெளிக்கு ரப்பருக்குப் பதிலாகத் தூரிகை மயிர்போன்ற பிரஷ் வைத்த ஸ்லைடிங்கை எடுத்துவிட்டு, ரப்பரில் இறுகும் கேஸ்மென்டில் லெமினேட் கண்ணாடி போட்டால் பஸ் ஹோர்னும் முச்சக்கரவண்டியும் நன்றாகக் குறையும். பஸ் எஞ்சினின் தாழ்ந்த உறுமலும் கரையோர ரயிலின் அதிர்வும் முழுதாகப் போகாது. போகும் என்று சொல்லி விற்கிறவரை நம்ப வேண்டாம். இதெல்லாம் யன்னல் பூட்டியிருந்தால்தான். ஆகவே வீடு முழுவதும் செய்யாமல், வீதிப் பக்கத்துப் படுக்கையறை ஒன்று இரண்டுக்கு மட்டும் செய்யுங்கள்.

நுளம்பு வலை யன்னலோடு சேர்த்தே போடவேண்டுமா?

கட்டாயம். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். கொழும்பு மாவட்டம் வழக்கமாக அந்தப் பட்டியலின் மேற்பகுதியிலேயே இருக்கிறது. டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும், அதாவது யன்னல் திறந்திருக்கும் நேரத்தில். படுக்கும்போது கட்டும் வலை மட்டும் இதற்குப் போதாது.

ஸ்லைடிங்குக்கு மூன்று ட்ராக் வைத்து ஒன்றில் வலைக் கதவு போடலாம். வெளியே திறக்கும் கேஸ்மென்டுக்கு வலை உள்பக்கம் வரும், கைபிடியை எட்டுவதற்கு வலையும் திறக்க வேண்டும். வலையைக் கழற்றிக் கழுவக்கூடிய மாதிரிச் செய்யச் சொல்லுங்கள். காலி வீதிப் பக்கம் தூசி அடைந்த வலை காற்றைப் பாதியாக்கிவிடும்.

கிறில் எப்படி?

போடுங்கள், ஆனால் ஒவ்வொரு படுக்கையறைப் பக்கத்திலும் ஒரு கிறிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும். சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், யன்னலுக்குக் கிட்டவே தொங்கட்டும்.

தொடர்மாடியில் இருக்கிறேன். யாரிடம் கேட்க வேண்டும்?

தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவிடம், அதாவது மனேஜ்மென்ட் கோர்ப்பரேஷனிடம். வெளிச்சுவரும் கட்டடத்தின் தோற்றமும் பொதுவானவை. சட்ட நிறம், கண்ணாடி நிறம், வெளியே நீட்டும் கிறில் எல்லாவற்றுக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். சொந்த வீட்டில் இருக்கும் யன்னலை அதே அளவில் மாற்றுவது பெரிய பிரச்சினை இல்லை. பக்கத்துக் காணிப் பக்கச் சுவரில் புதிதாக யன்னல் திறப்பதென்றால் முதலில் மாநகர சபையில் விசாரியுங்கள்.

அளவு நானே எடுத்துக் கொடுக்கலாமா?

விலை கேட்பதற்கு எடுக்கலாம், செய்வதற்கு வேண்டாம். செய்கிறவரே வந்து எடுக்கட்டும், அப்போதுதான் பிழைத்தால் பொறுப்பு அவருடையது. பக்கத்தில் நின்று பாருங்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், உயரத்தையும் அதேபோலவும் எடுக்கவேண்டும். குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் அளக்க வேண்டும். பழைய வீட்டுச் சுவர்த் துவாரம் சதுரமாக இருப்பது அபூர்வம். மூலைவிட்டம் அளக்காமல் நாடாவைச் சுருட்டுகிறவரிடம் வேலையைக் கொடுக்க நான் தயங்குவேன்.

கொட்டேஷனில் என்னென்ன இருக்க வேண்டும்?

இங்கே சதுர அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். ‘சதுர அடி இவ்வளவு’ என்ற ஒற்றை வரியை வைத்து இரண்டு கடைகளை ஒப்பிட முடியாது. செக்‌ஷன் கம்பனி, தடிப்பு, பூச்சு, கண்ணாடி வகையும் தடிப்பும், ஸ்குரூவின் தரம், பிணைச்சல், ரோலர், வலை எல்லாம் எழுத்தில் வரவேண்டும். பழையதைக் கழற்றுவது, சாந்து பூசிச் சுவரைச் சரிசெய்வது, மேல்மாடிக்குச் சாரம் கட்டுவது, போக்குவரத்து ஆகியவை உள்ளடங்குமா என்று கேளுங்கள். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். விலை அதோடு சேர்த்தா, சேர்க்காமலா என்பதிலேயே பெரிய வித்தியாசம் வரும். அலுமினியத்தின் விலை டொலரோடு ஏறி இறங்குவதால் கொட்டேஷனுக்குக் காலக்கெடு போடுவார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அட்வான்ஸ், சாமான் வீட்டுக்கு வந்ததும் ஒரு பகுதி, கடைசிப் பத்து வீதம் ஒரு நல்ல மழை பெய்து முடிந்தபின். இதை முதலிலேயே பேசி எழுதிக்கொண்டால் நேர்மையாக வேலை செய்கிறவர் மறுக்கமாட்டார். பிணக்கு வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகலாம், பில் இல்லாமல் போய்ப் பயனில்லை.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை நிச்சயம், சுவரைத் திறந்து போட முடியாது.

பொருத்தும் நாளில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

சட்டத்தைப் பிடிக்கும் ஸ்குரூ கல்லுக்குள் இறங்க வேண்டும், சாந்தோடு நின்றால் போதாது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி சீராக இருக்க வேண்டும். கையகல இடைவெளியைச் சிலிக்கனால் நிரப்பினால் நிறுத்துங்கள். சிலிக்கன் பூசும்போது வினாகிரி மணம் வந்தால் அது இந்த வேலைக்கு உரியதல்ல, உலோகத்தை அரிக்கும், சீமெந்தில் ஒழுங்காகப் பிடிக்காது. ‘நியூட்ரல்’ வகை வேண்டும். ஈரச் சீமெந்து அலுமினியத்தில் பட்டால் பூச்சில் அழியாத கறை விழும், அதனால் சாந்து வேலை முடியும்வரை சட்டத்தின் மேலுள்ள பாதுகாப்புத் தாளை உரிக்க விடாதீர்கள். முடிந்தபின் உரிக்க மறக்கவும் வேண்டாம், வெயிலில் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

போவதற்கு முன் ஹோஸ் பிடித்து, கீழிருந்து மேலாகப் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் கையில் டோர்ச்சோடு நிற்கட்டும்.

கழற்றிய பழைய யன்னலை என்ன செய்வது?

பலா, தேக்கு என்றால் பழைய மரச் சாமான் வாங்குகிறவர்கள் வந்து எடுப்பார்கள். வேலைக்காரரோடு அனுப்பிவிடாமல் விலை கேளுங்கள். பித்தளைக் கொண்டிகளைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

பிறகு பராமரிப்பு?

கடல் பக்கம் என்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் சட்டத்தைக் கழுவுங்கள். மழை படாத, சன்ஷேடுக்குக் கீழே ஒதுங்கிய யன்னலில்தான் உப்பு அதிகம் படியும், அதை முதலில் கழுவுங்கள். ட்ராக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் துடைத்து, வடிகால் துளைகளை மே மாதத்துக்கு முன் ஒருமுறையும் ஒக்டோபருக்கு முன் ஒருமுறையும் குத்திவிடுங்கள். ரோலருக்குத் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட வேண்டாம், மணல் ஒட்டி அரைக்கும். சிலிக்கன் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும்.